மேகம் என்று சொல்லாத ஏழு மாதம்

எங்கள் வீட்டில் ஏழு மாதம் ‘மேகம்’ என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கவில்லை. பட்டணத்துக்காரர்களுக்கு இது பெரிய காரியமாகத் தெரியாது. அபிராமத்துக்கும் பரமக்குடிக்கும் நடுவே, கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் மிளகாய், அதுவும் இல்லையென்றால் பெருமூச்சு என்று வாழ்கிற ஊர் எங்களுடையது. காலையில் எழுந்து பல் துலக்குவதற்கு முன்னால் அண்ணாந்து பார்த்து மேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவன் எங்கள் ஊரில் விவசாயியே இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் அந்தச் சொல்லைப் பூட்டி வைத்தார்கள். என்னால்தான். என் ரத்தத்தில் அது இருப்பதாக ராமநாதபுரத்தில் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் மேகம் என்றால் வானத்து மேகம் மட்டும் இல்லை. ஆண்பிள்ளைகள் வெளியில் போய் வாங்கிக்கொண்டு வந்து மனைவிக்கும் கொடுக்கிற அந்த நோய்க்கும் அதே பெயர்தான். டாக்டர்கள் சிபிலிஸ் என்பார்கள். மழை கொண்டுவருகிற மேகத்துக்கும் மானத்தைக் கொண்டுபோகிற மேகத்துக்கும் ஒரே பெயர் வைத்த மகராசன் யாரென்று தெரிந்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

இப்போது உடம்பு தேறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மறுபடியும் சாக்பீஸ் பிடிக்கிறேன். இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான். என்னைப் போலவே மூன்று கூட்டல் குறி போட்ட காகிதத்தை வாங்கி ஒளித்து வைத்துக்கொண்டு, கிணற்றடியில் தேவையில்லாமல் நிற்கிற பெண் ஒருத்தி எங்காவது இருப்பாள். அவள் கையில் இது கிடைத்தால் போதும்.

முதலில் விரல்கள் வலித்தன. மாசி மாதம் என்று நினைக்கிறேன். காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியாது. வாளியின் பிடியைப் பிடித்துத் தூக்க முடியாது. சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். பிறகு இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் சிவப்பாகத் தடித்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், டீச்சர் பவுடரை மாற்றிவிட்டார் என்று தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டார்கள். வாய்க்குள் புண். தலை சீவினால் சீப்போடு கொத்தாக முடி வந்தது. என் மாமியார் வேப்பிலையை அரைத்துப் பூசினார். அவரை மாமியார் என்று சொல்வதே தப்பு. அவர் என் அய்யாவின் கூடப்பிறந்த தங்கை. அத்தை என்றே கூப்பிடுவேன். அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன்.

அவரை நான் மச்சான் என்று கூப்பிடுவது. கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருடம் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் இருந்தவர். கப்பலில் தனுஷ்கோடி வந்து இறங்கி வீடு சேர்ந்தபோது ஒரு தகரப் பெட்டியும், பேச்சில் கொஞ்சம் சிக்கனமும் கொண்டுவந்தார். போகும்போது மண்டபம் முகாமில் உடம்பைப் பார்த்து நோயில்லை என்று கொடுத்த அட்டையைச் சட்டைப் பைக்குள் ஒரு பர்ஸில் வைத்திருப்பார். எதற்கு அது இன்னும் என்று கேட்டால், இருக்கட்டும் என்பார். அவரிடமிருந்து அதற்கு மேல் வாங்க முடியாது.

எங்களுக்குக் குழந்தை தங்கவில்லை. இரண்டு தடவை உண்டாகி இரண்டு தடவையும் கலைந்தது. இரண்டாவதற்குப் பிறகு திருப்புல்லாணிக்குப் போய்ப் பிள்ளை வரத்துக்கான பாயசப் பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டு வந்தோம். இந்தக் கதையில் குழந்தை தங்காததும் எனக்கு எதிரான சாட்சியாக வந்து நின்றது.

வைகாசியில் முழங்கால் இரண்டும் வீங்கவே ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். நல்ல மனிதர்தான். விசாரித்தார், நாடி பார்த்தார், குழந்தை கலைந்ததைக் கேட்டதும் புருவத்தைத் தூக்கினார். ரத்தம் எடுக்கச் சொன்னார். மூன்று நாள் கழித்துப் போனபோது காகிதத்தைக் கொண்டுவந்த கம்பவுண்டர், காத்திருந்தவர்கள் நிறைந்த கூடத்தில், பெயரைக் கூப்பிட்டு, “அம்மா, உங்களுக்கு ரத்தத்துல மேகம் இருக்கு, ரெண்டு பேரும் உள்ள வாங்க” என்றார். கூடத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் இருவர் இருந்தார்கள். ஒருவருக்குக் காது மந்தம். அது மட்டும்தான் அன்று எனக்குக் கிடைத்த ஆறுதல்.

காகிதத்தில் மூன்று கூட்டல் குறிகள். பள்ளிக்கூடத்தில் நான் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுப் பிள்ளைகளை அழவைப்பேன். கூட்டல் குறி இவ்வளவு அழவைக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. டாக்டர் என்னிடம் மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை. இது பழைய நோயாக இருக்கலாம், பென்சிலின் ஊசி போட்டால் சரியாகும், குழந்தை கலைந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், கணவரும் ரத்தம் கொடுக்க வேண்டும், அதில் எது வந்தாலும் ஊசி இருவருக்கும்தான் என்றார். நான் மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் வீடு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. இரண்டாம் நாள் பரமக்குடியிலிருந்து என் அண்ணன் வந்தார். தறிக்கூடம் வைத்திருப்பவர், கோபக்காரர். என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். அத்தை அழுதார். மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினார். ரத்தம் கொடுத்துவிட்டு, அங்கேயே ஒரு சத்திரத்தில் தங்கி, காகிதத்தை வாங்கிக்கொண்டுதான் திரும்பினார். அதுவரை அண்ணனும் போகவில்லை. முற்றத்தில் எல்லோரும் இருந்தோம். மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபடியே சொன்னார்.

“எனக்கும் இருக்கு. கொழும்புல வந்தது. அவ மேல ஒரு தப்பும் இல்ல.”

அண்ணன் எழுந்து போய் அவர் கன்னத்தில் அறைந்தார். அத்தை தடுக்கவில்லை. தடுக்காததோடு, தன் வயிற்றைத் தானே அடித்துக்கொண்டு, இவனைப் பெற்றதற்கு ஒரு அம்மியைப் பெற்றிருக்கலாம், மிளகாயாவது அரைக்கலாம் என்றார். நான் என்ன செய்தேன் என்று கேட்டால், நிம்மதியாக இருந்தேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும். நாம் ஒன்றும் செய்யவில்லை, இந்த ஆள்தான் செய்தார் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது என்று ஒரு பெரிய மூச்சு விட்டேன். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. போன இரண்டு குழந்தைகளையும் அவர் கணக்கில் எழுதினேன்.

அண்ணன் கூப்பிட்டும் நான் போகவில்லை. அத்தையை விட்டுப் போக மனமில்லை, பள்ளிக்கூடமும் இங்கேதான். ஆனால் மச்சானோடு பேச்சை நிறுத்தினேன். அத்தையும் நிறுத்தினார். மகனுக்குத் தனித்தட்டு, தனி டம்ளர், மாட்டுக்கொட்டகையை ஒட்டிய தாழ்வாரத்தில் பாய். “சோறு வச்சிருக்குன்னு சொல்லு” என்று பூனையைப் பார்த்துச் சொல்வார். பூனைக்கு அந்த நாலைந்து மாதத்தில் நிறைய வேலை இருந்தது.

அப்போதுதான் அந்தச் சொல்லும் வீட்டை விட்டுப் போனது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஒருநாள் அத்தை முற்றத்தில் நின்று, தெற்கே மே... என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, மானம் கருக்குது என்று முடித்தார். எங்கள் பேச்சில் வானத்தை மானம் என்போம். அன்றிலிருந்து மானம் கருத்தது, மானம் இருட்டியது, மானம் வெளுத்தது. மேகத்தைக் கைவிட்டு மானத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட எங்கள் வாசலைக் கடக்கும்போது மானம் என்றே சொன்னார்கள். அந்த மரியாதைதான் எனக்கு அறைந்தது போல இருந்தது.

ஊசி போட்டுக்கொள்ள இருவரும் ஒரே பஸ்ஸில் ராமநாதபுரம் போக வேண்டியிருந்தது. பதினைந்து நாள் தினமும். பென்சிலின் ஊசி இடுப்பில் போட்டால் கல் வைத்துத் தைத்தது போல இருக்கும். திரும்பும்போது ஒரே சீட்டில் அவர் இடப்பக்கம் சாய்ந்தும் நான் வலப்பக்கம் சாய்ந்தும் உட்கார்ந்திருப்போம். பார்த்தவர்கள் சண்டை என்று நினைத்திருப்பார்கள். சண்டையும்தான். நல்லா வலிக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அவர் ஒருநாளும் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

ஊசி முடிந்தது. காய்ச்சல் முடியவில்லை. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அதே மூன்று கூட்டல் குறி. மறுபடி ஊசி. ஆவணியில் கால் வீங்கியது, புரட்டாசியில் மூச்சு வாங்கியது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைப் பிடித்தபடி விழுந்தேன். ராமநாதபுரத்து டாக்டரே, இது என் கணக்குக்கு ஒத்துவரவில்லை, மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். தன் கணக்கு தப்பு என்று ஒப்புக்கொள்கிற டாக்டர் கிடைப்பது அபூர்வம். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

பரமக்குடியில் ரயிலேற்றினார்கள். மச்சான் என்னைத் தூக்கித்தான் பெட்டியில் உட்காரவைத்தார். நாலு மாதத்துக்குப் பிறகு அவர் கை பட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு. கதவோரத்துக் கட்டில். அங்கே இருந்த லேடி டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிறவர். முதல் நாள் என் கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். வெயிலில் போனால் அதிகமாகிறதா என்று கேட்டார். ராமநாதபுரத்துக்காரியிடம் வெயிலைப் பற்றிக் கேட்கிறீர்களே என்றேன். சிரித்தார். என் காகிதங்களை எல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்துவிட்டு, கணவருக்கும் சோதனை செய்தார்களா என்றார். செய்தார்கள், அவருக்கும் இருக்கிறது, அவர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த சாமான்தான் இது என்றேன். பக்கத்துக் கட்டில்காரிக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

சாயங்காலம் பார்வை நேரத்தில் மச்சான் கஞ்சியோடு வந்து நின்றார். டாக்டர் அவரிடம் அந்தக் காகிதத்தைக் கேட்டார். வீட்டில் இருக்கிறது என்றார் மச்சான். என்ன எழுதியிருந்தது என்றார் டாக்டர். மச்சான் என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், வெளியில் வந்து சொல்கிறேன் என்றார். டாக்டர் விடவில்லை. இதை வைத்துத்தான் இவளுக்கு என்ன மருந்து என்று நான் முடிவு செய்ய வேண்டும், தப்பான மருந்து கொடுத்தால் இவள் உயிர் போய்விடும் என்றார். மச்சான் சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்தார். மண்டபத்து அட்டைக்குப் பின்னால் எட்டாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது.

டாக்டர் படித்தார். தலையிலிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

“உனக்கு ஒண்ணும் இல்லைன்னுதானேப்பா போட்டிருக்கு? நெகடிவ். அப்புறம் ஏன் இருக்குன்னு சொன்னே?”

மச்சான் கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். குனிந்தபடியே சொன்னார்.

“எனக்கு இல்லைன்னா, அவளுக்கு எங்கன இருந்து வந்துச்சுன்னு கேப்பாங்கள்ல.”

வார்டில் இருபது பேர் இருந்தார்கள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. இல்லாத நோய்க்கு அறை வாங்கி, ஊசி வாங்கி, தாழ்வாரத்தில் படுத்து, பூனை வழியாகச் சோறு தின்ற ஆளை நான் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. அதோடு பயமும் வந்தது. அவருக்கு இல்லை, எனக்கு மூன்று கூட்டல் குறி. அப்படியானால் நான் யார்? நான் ஒன்றும் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குச் சாட்சி? உலகத்தில் என் பக்கம் பேச ஒரு காகிதமும் இல்லை.

ஆனால் டாக்டர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. எனக்கு வேண்டியது இந்தக் காகிதம்தான் என்றார். எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு விளக்கினார். எனக்குப் புரிந்ததைப் புரிந்தபடி எழுதுகிறேன். நம் ரத்தத்தில் காவல்காரர்கள் மாதிரி எதிர்ப்புப் பொருள்கள் உண்டு. கிருமி வந்தால் அதைப் பிடிக்க உடம்பே உண்டாக்குவது. சில பேருக்கு, என்ன காரணமென்று டாக்டர்களுக்கே தெரியாது, இந்தக் காவல்காரர்கள் வீட்டுக்காரர்களையே திருடன் என்று பிடித்து அடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். மூட்டு, தோல், சிறுநீரகம் என்று ஒன்றையும் விடுவதில்லை. லூபஸ் என்று பெயர். ராமநாதபுரத்தில் செய்த சோதனை மேகநோய்க் கிருமியை நேராகப் பார்ப்பதில்லை. மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த ஒரு கொழுப்பை ரத்தநீரோடு கலந்து, அது திரள்கிறதா என்று பார்ப்பது. மேகநோய் இருந்தால் திரளும். ஆனால் லூபஸ்காரர்களின் புத்தி கெட்ட காவல்காரர்கள் அதையும் பிடித்து இழுப்பதால் அங்கேயும் திரளும். பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். குழந்தைகள் கலைந்ததற்குக்கூட இந்த நோய் காரணமாக இருக்கலாம் என்றார்.

இதெல்லாம் நிச்சயமா என்று கேட்டேன். நிச்சயம் செய்ய வேண்டும் என்றார்.

அதற்கு முதலில் ஒரு சோதனை செய்தார்கள். ரத்தத்தை எடுத்துக் கண்ணாடி மணிகளோடு போட்டுக் குலுக்கி, வெதுவெதுப்பில் வைத்து, பிறகு சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் தேடுவது. ஒரு வெள்ளணு, சிதைந்துபோன இன்னொரு அணுவின் நடுக்கருவை முழுசாக விழுங்கிவிட்டு, வயிறு புடைத்து உட்கார்ந்திருக்க வேண்டுமாம். அப்படி ஒன்று அகப்பட்டால் லூபஸ். முதல் நாள் தேடினார்கள், அகப்படவில்லை. மூன்றாம் நாளும் அகப்படவில்லை. இல்லாததால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, நாள் பார்த்துத்தான் காட்டும் என்றார் டாக்டர். என் அண்ணன் வேறு மதுரைக்கு வந்துவிட்டார். மச்சான் காகிதத்தின் கதை அவர் காதுக்கும் போய்விட்டது. அவர் கட்டிலருகே நின்று என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. கூடப்பிறந்தவர், என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அவரே கேட்டால் ஊர் கேட்காதா? அந்த இரண்டு நாள் நான் பிழைக்க வேண்டும் என்றே நினைக்கவில்லை. அந்த அணு அகப்பட்ட பிறகு செத்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

ஐந்தாம் நாள் லேடி டாக்டர் பரிசோதனைக்கூடத்து டாக்டரோடு வாக்குவாதம் செய்துவிட்டு வந்தார். பரிசோதனைக்கூடத்துக்காரரிடம் வெளிநாட்டிலிருந்து யாரோ சிநேகிதர் கொண்டுவந்து கொடுத்த ஒரு பெட்டி இருந்தது. இந்த நோய்க்கென்றே புதிதாக வந்திருக்கிற சோதனைப் பெட்டி. ஐஸ் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார். இன்னும் நாலைந்து பேருக்குத்தான் வரும், மாணவர்களுக்குக் காட்ட வைத்திருக்கிறேன் என்றாராம். மாணவர்களுக்கு இவளையே காட்டுங்கள் என்று சொல்லி வாங்கிவிட்டார் நம் டாக்டர்.

நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். என் பெயர் போன சோதனையை நான் பார்க்கவில்லை, இதையாவது பார்க்க வேண்டும் என்றேன். சக்கர நாற்காலியில் வைத்து மச்சான் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் அண்ணன்.

இவ்வளவு சண்டைக்கும் காரணமான பெட்டி இவ்வளவுதானா என்று இருந்தது. சாக்பீஸ் டப்பா அளவு. உள்ளே மூன்று குப்பிகள், ஒரு கறுப்புக் கண்ணாடித் தகடு. பெரிய குப்பியில் பால் போல வெள்ளைத் திரவம். அது பாலில்லை, கண்ணுக்குத் தெரியாத ரப்பர் மணிகள் மிதக்கிற தண்ணீர் என்றார் பரிசோதனைக்கூடத்து டாக்டர். வழுக்கைத்தலை, சொல்லிக்கொடுப்பதில் ஆசை உள்ளவர். ஒவ்வொரு மணியின் மேலும் அணுவின் நடுக்கருவிலிருந்து எடுத்த சத்தைப் பூசியிருக்கிறார்களாம். என் ரத்தத்தில் அந்த வழி தவறிய காவல்காரர்கள் இருந்தால் மணிகளைப் பிடித்து ஒன்றோடொன்று சேர்ப்பார்கள், இல்லையென்றால் பால் பாலாகவே இருக்கும். மற்ற இரண்டு குப்பிகளும் ஒத்துப் பார்ப்பதற்கு. ஒன்று நோய் உள்ள யாரோ ஒருவரின் ரத்தநீர், ஒன்று நோயில்லாத ஒருவரின் ரத்தநீர். தகட்டில் மூன்று வட்டம் போட்டு இடப்பக்கம் நோய் உள்ளதையும் வலப்பக்கம் இல்லாததையும் வைத்தார். நடுவில் நான்.

ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு வெள்ளையை விட்டு, குச்சியால் கலந்து, தகட்டைக் கையில் எடுத்து மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்த்தார். முறத்தில் அரிசியைச் சாய்க்கிற மாதிரி. வலப்பக்கத்து வட்டம் பாலாகவே இருந்தது. இடப்பக்கத்து வட்டத்தில் விளிம்பில் மணி கட்டியது. நடுவட்டம் சும்மா இருந்தது. சும்மாவே இருந்தது. பிறகு, கறுப்புக் கண்ணாடி ஓரிடத்தில் தெரிந்தது. அதைச் சுற்றி ரவை ரவையாக வெள்ளை ஒதுங்கியது. பால் திரிந்துவிட்டது.

வீட்டில் பால் திரிந்தால் அத்தை அபசகுனம் என்று பாத்திரத்தையே வெளியில் கவிழ்ப்பார். நான் அன்று கையெடுத்துக் கும்பிட்டேன். முதல் தடவை கண்ணாடியில் திரண்டதுதான் என் பெயரைக் கெடுத்தது. இரண்டாம் தடவை திரண்டது அதைத் திருப்பிக் கொடுத்தது. பெரிய நோய் இருக்கிறது என்று தெரிந்து இவ்வளவு சந்தோஷப்பட்ட நோயாளியை நான் பார்த்ததில்லை என்றார் வழுக்கைத்தலை டாக்டர். மறுநாள் மூன்றாம் தடவையாக மைக்ராஸ்கோப்பில் தேடியபோது வயிறு புடைத்த அந்த அணுவும் அகப்பட்டது. இரண்டு அகப்பட்டதாம். கூப்பிட்டுக் காட்டினார்கள். சோம்பேறி மாதிரி உட்கார்ந்திருந்தது.

நான் டாக்டரிடம் ஒரு காகிதம் கேட்டேன். தமிழில் வேண்டும் என்றேன். இங்கிலீஷில் எழுதினால் எங்கள் ஊரில் மறுபடியும் கம்பவுண்டர்தான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். ‘இவருக்கு மேகநோய் இல்லை, ஒருபோதும் இருந்ததில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அண்ணன் அதை வாங்கிப் படித்தார். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர். மறுநாள் காலையில் இட்லியும் கமலா ஆரஞ்சும் வாங்கி வந்து, நோயாளி நான் இருக்க, மச்சானை உட்காரவைத்துத் தோலுரித்து, கொட்டை எடுத்து, சுளை சுளையாக அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். மச்சானும் எல்லாவற்றையும் தின்றார். அப்புறம் வயிறு சரியில்லை என்றார்.

பிரட்னிசோலோன் என்ற மாத்திரை கொடுத்தார்கள். நாலாம் நாள் விரலை மடக்கினேன். பத்தாம் நாள் வாளியைத் தூக்கிக் காட்டினேன். முகம் மட்டும் பூசணிக்காய் மாதிரி உருண்டது. அது மாத்திரையின் குணம், குறைக்கக் குறைக்க வடியும் என்றார்கள். இந்த நோய் அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம், குடையில்லாமல் வெயிலில் போகக்கூடாது, மாத்திரையை நானாக நிறுத்தக்கூடாது என்றும் சொன்னார்கள். எழுதுவதற்கு உட்கார்ந்த பிறகு நல்லதை மட்டும் சொல்லிப் பயத்தை மறைக்கக்கூடாது அல்லவா? இதுதான் அந்த பயம். அதோடு வாழலாம். வாழ்கிறேன்.

ஆஸ்பத்திரி மரத்தடியில் ஒருநாள் மச்சானிடம் கேட்டேன். உங்கள் காகிதத்தில் ஒன்றும் இல்லை என்று பார்த்தபோது என்னைப் பற்றி என்ன நினைத்தீர்கள் என்று. கீழே கிடந்த சருகு ஒன்றை எடுத்துக் கிழித்துக்கொண்டே சொன்னார்.

“ஒரு நாள் பூராம் நெனச்சேன் புள்ள. சத்திரத்துல உக்காந்து, யாரா இருக்கும்னு ஊருல ஒவ்வொரு ஆளா நெனச்சுப் பாத்தேன். ஒரு ஆளும் பொருந்தல. அப்புறம், யாரா இருந்தா என்ன, நீ என் வீட்டுக்காரின்னு பஸ் ஏறிட்டேன்.”

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் ஒரு நாள் நினைத்தார். நான் நாலு மாதம் நினைத்தேன். யாருமே பொருந்தாமல் போனதில் கொஞ்சம் வருத்தம்தான் என்று சொல்லி அவரைச் சிரிக்கவைத்தேன்.

கார்த்திகை பிறந்து வீடு திரும்பினோம். அந்த வருடம் ஐப்பசி ஏமாற்றிவிட்டிருந்தது. புழுதியில் விதைத்த நெல்லைக் குருவி பொறுக்கிக்கொண்டிருந்தது. அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னோம். தமிழ்க் காகிதத்தை நானே படித்துக் காட்டினேன். என் பூசணி முகத்தைத் தடவி அழுதார். ஆனால் மகனிடம் பேசவில்லை. இப்போது கோபத்தால் இல்லை. நாலைந்து மாதம் அத்தனை சாபம் விட்ட பிறகு எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தனித்தட்டை எடுத்துப் பரணில் போட்டார். பாயைத் தாழ்வாரத்திலிருந்து எடுத்து வந்து உள்ளே விரித்தார். கறிக்குழம்பு வைத்தார். அப்போதும் பூனையைப் பார்த்தே சாப்பிடக் கூப்பிட்டார்.

நாலாம் நாள் மத்தியானம் காற்று திடீரென்று நின்றது. நான் வாசலில் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அத்தை முற்றத்தில் வற்றல் அள்ளிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து கிழக்கே பார்த்தார். கடல் பக்கமிருந்து கருகருவென்று வந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தார். மே... என்று வந்தது. பழக்கத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். தெருவில் இரண்டு பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தார்கள். மச்சான் தூரத்தில் மேய்ச்சல் திடலில் மாட்டோடு இருந்தார்.

அத்தை முறத்தைக் கீழே வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவுக்கு நடுவில் போய் நின்று, ஊர் முழுக்கக் கேட்கும் குரலில் மகனைக் கூப்பிட்டார்.

“ஏலே, மேகம் திரண்டுருச்சுடா. மாட்டை ஓட்டிக்கிட்டு வீட்டுக்கு வாடா, என்னப் பெத்த அய்யா.”